கார் ஷெட்டின் காவல்

முதல் பொட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பென்ச் வைஸுக்குத்தான். அதில் தண்டபாணி யோசித்ததே கிடையாது. மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு அதன் இரும்புத் தாடையில் வைத்து, நடுவே குங்குமம் இட்டு, கைகூப்பி நின்றுவிட்டுத்தான் மற்றவற்றிடம் போவார். டிரில்லிங் மெஷின், கிரைண்டர், ஸ்பேனர்கள், சுத்தியல்கள், கயிறு கட்டி மேலே தொங்கவிட்ட ஏணி, எதுவும் விட்டுப்போகக் கூடாது. மணி ஒன்பது ஐந்து. ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம் என்று காலண்டரில் போட்டிருந்தது. அதற்குள் கற்பூரம் காட்டியாக வேண்டும். காட்டிவிட்டால் மகள் நர்மதாவுக்குப் பதில் சொன்ன மாதிரி. வாயால் சொன்னால் அவள் எங்கே கேட்கிறாள், யார் பெற்ற பிள்ளை. போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து அம்மாவின் சேலைகளை எடுத்துப்போக வந்தவள், ஷெட்டை ஒட்டிய படுக்கையறைக் கதவைத் திறந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடி நின்றுவிட்டாள். "அப்பா, இது என்ன ஷெட்டா, வெடிகுண்டா?" என்றாள். பெயின்ட் தின்னர், பெட்ரோல், போன தீபாவளிப் பட்டாசு, கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, மேலே பழைய பேப்பர் என்று விரல் விட்டு எண்ணினாள். அப்பனுக்குத் தெரியாததையா எண்ணுகிறாள். மில்லில் முப்பத்து நான்கு வருடம் மெஷின் பிட்டராக இருந்தவனுக்குப் பாடம். "அம்மா இனி இந்த ரூம்லதான் படுக்கோணும். மாடி ஏற முடியாது. தீப்புடிச்சா நீங்க ஓடீருவீங்க. அவங்க எப்படிங்கப்பா ஓடுவாங்க?" ருக்மணிக்கு இரண்டு முட்டியும் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். மகள் வீட்டில் இருக்கிறாள். நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள், வருகிறாள். வருகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நர்மதா காரில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "ஷெட்டச் சுத்தம் பண்ணுனாத்தான் கூட்டீட்டு வருவேன். இல்லாட்டி அம்மா எங்கூடவே இருக்கட்டும்." அவரும் விடவில்லை. "இருபத்தெட்டு வருசமா இதே எடத்துல கற்பூரம் கொளுத்தறேன் கண்ணு. ஒரு பொறி பறந்துருக்குதா, கேளு உங்கம்மாவ." அவள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஒரு பொறி பறக்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியம், நினைக்க நினைக்க மயிர்க்கூச்செறியும். அம்பாசிடர் வாங்கிய வருடம் கட்டிய ஷெட். பத்தடிக்குப் பதினெட்டடி. அம்பாசிடர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, அதன் இடத்தில் சாமான் வந்து உட்கார்ந்துகொண்டது, இப்போது மொபெட்டை நிறுத்தவே வளைத்து வளைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஒரு தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு ராக்கெட் ஜன்னல் கம்பிக்குள் புகுந்து நேராக உள்ளே விழுந்தது. எண்ணெய்த் துணி போட்டு வைக்கும் டின்னின் மேல்தான் விழுந்தது. மூடியில் பட்டு, கீழே உருண்டு, புஸ்ஸென்று அணைந்துவிட்டது. இன்னொரு தடவை கிரைண்டர் பிடித்துக்கொண்டிருக்கையில் பொறி சிதறி வேட்டி கருகியது, ஒரு முழம் தள்ளிப் பட்டாசுப் பெட்டி இருந்திருக்க வேண்டும், அன்றைக்குப் பார்த்து அது அங்கே இல்லை, எங்கே வைத்தோம் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது. இன்வெர்ட்டர் வயர் உருகி நாறிய நாளில் அதற்கு மேலே இருந்த பேப்பர்க் கட்டு எதிர்ச்சுவருக்கு மாறியிருந்தது. இதற்கெல்லாம் என்ன பெயர் சொல்வது. மில் நண்பர்களிடம் அவர் ஒரே வார்த்தைதான் சொல்வார்: காவல். இந்த இடத்துக்கு ஒரு காவல் இருக்கிறது. சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆயுத பூஜை அன்று காலையில் இதே ஷெட்டுக்குள் வந்து நின்றவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு மட்டும் காற்றே வேறாக இருக்கும். மூச்சு இழுத்தால் நெஞ்சுக்கூட்டின் அடி வரைக்கும் போகும். சாமந்தி, சந்தனம், பொரி, சாம்பிராணி, இவ்வளவுதான் வாசனை. மற்ற நாளில் தலையைப் பிடித்துக்கொள்ளும் இடம் அன்றைக்கு லேசாகிவிடும். தெய்வம் வந்து உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும் போல என்று அவர் நினைப்பார், கண் கலங்கும், கற்பூரப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொள்வார்.

இந்த வருடம் இன்னும் அந்தக் காற்று வரவில்லை. வரும். இலை போட்டு, பொரியும் கடலையும் வைத்து, சாமந்தி மாலை ஏறினால் வரும். மாலையும் பூசணிக்காயும் தெருமுனைத் தள்ளுவண்டியிலேயே கிடைத்துவிட்டன, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இதே வேலைக்கு வருடா வருடம் ருக்மணி அவரை உக்கடம் மார்க்கெட்டுக்கு விரட்டுவாள். சிங்காநல்லூரிலிருந்து உக்கடம். விடிந்தும் விடியாமல், கூட்டத்தில் இடிபட்டு, ஒரு வெள்ளைப் பூசணிக்காய்க்காக. "அங்கதானுங்க நல்ல காயா கெடைக்கும், பொறுமையாப் பாத்து வாங்கீட்டு வாங்க, ஒண்ணும் அவசரமில்ல." காம்பு ஒடிந்திருந்தால் ஆகாது, அடியில் சொத்தை இருந்தால் ஆகாது, சாமந்தி மொட்டாக இருந்தால் ஆகாது. ஒரு வருடம் காய் சின்னது என்று திருப்பியே அனுப்பிவிட்டாள், மறுபடி உக்கடம், மறுபடி ஒன்றரை மணி நேரம். நடுத்தெருவில் போட்டு உடைக்கப் போகிற காய்க்கு இத்தனை லட்சணம் பார்க்கிறவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இன்றைக்கும் காலை ஆறு மணிக்கே போன். "உக்கடம் போயிட்டு வந்தீங்களா?" போகவில்லை என்றதும், "ஏனுங்க, இந்த வருசம் ஒரு நாளைக்கு வாசல்ல வெச்சுக் கும்புட்டுக்கலாமுங்களா?" என்றாள். அதெல்லாம் ஆகாது என்றார். எங்கே வேலை செய்கிறோமோ அங்கேதான் பூஜை. வைஸைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோக முடியுமா? "அப்பச் செரி, ஷட்டர முழுசாத் தூக்கி வெச்சுக்குங்க. நான் ஒம்பதரைக்குக் கூப்புடறேன், அதுக்கப்புறம் கொளுத்துங்க. மறந்தறாதீங்க." ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தான், எல்லாவற்றுக்கும் பயம். மகள் கூட இருந்து ஏற்றிவிடுகிறாள். ஷட்டரை முழுதாகத் தூக்கினால் காற்று அடிக்கிற அடிக்குக் கற்பூரம் நிற்குமா. ஐப்பசி பிறக்கிற சமயத்துக் காற்று. அவர் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டார். ஜன்னலையும் சாத்தினார். அப்புறம்தான் உள்ளே ஒரு அடக்கம் வந்தது.

வாழை இலையை எங்கே போடுவது என்று பார்த்தபோதுதான், சுவரோரம் டின்கள் அடுக்கிய ராக்கை வெறும் ராக்காகப் பார்த்தார். என்னமோ குறைந்தது. என்ன என்று யோசித்து, கண்டுபிடித்துவிட்டார்: வேட்டி. வருடா வருடம் துவைத்து நீலம் போட்ட வேட்டி ஒன்றை ருக்மணி அந்த ராக்கின் முன்னால் மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டு, மாவிலைத் தோரணம் கட்டியிருப்பாள். "பூஜைக்கு அழகா இருக்கட்டுமுங்க" என்பாள். அவர் உக்கடத்திலிருந்து வருவதற்குள் கட்டி முடித்திருப்பாள். ஷெட்டுக்குள் அவள் செய்யும் ஒரே காரியம் அதுதான். மற்றபடி அவள் இங்கே கை வைப்பதில்லை. வைக்கக் கூடாது. கல்யாணமாகி ஆறாவது வருடமோ ஏழாவது வருடமோ, வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இதையும் சுத்தம் செய்துவிட்டாள். பதினான்காம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு அரை நாள் தேடினார். அதுவும் நல்ல பசி நேரம். சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் மோதியது, ரசம் காலண்டரில் வழிந்தது, நர்மதா தொட்டிலில் விழித்துக்கொண்டு அழுதாள். "என் ஷெட்டுல கை வெச்சீன்னா கை இருக்காது" என்றார். சொன்னது அவர்தான், அந்தக் குரல் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஸ்பேனர் சாயங்காலம் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வந்து அவர் பார்த்ததில்லை. நல்ல குணம் அவளுக்கு, ஒரு முறை சொன்னால் போதும். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதும் அதனால்தான்.

தலை கனத்தது. காலையில் காப்பி மட்டும் குடித்தது, வெறும் வயிறு. இலையை ராக்கின் கீழே தரையில் விரித்தார், பொரியைக் கொட்டினார், தும்மல் வந்தது. மூக்குக்குள் ஒரு தித்திப்பு நெடி ஏறி நெற்றிக்கு நடுவில் குத்தியது. ஊதுபத்தி இல்லை. இன்னும் ஏற்றவே இல்லை. தின்னர் நெடி. சரி, தின்னர் இருக்கிற இடத்தில் தின்னர் நெடி இருக்கத்தானே செய்யும், முன்னூற்று அறுபத்து நான்கு நாளும் இருக்கிற நெடிதானே. இந்த ஒரு நாள்தான் இருக்காது. அதில் மனசு இடறிக்கொண்டது, சேலை முள்ளில் மாட்டிக்கொண்ட மாதிரி. இந்த ஒரு நாள் ஏன் இருக்காது? தெய்வம் வந்தால் தின்னர் மணக்காதா? இத்தனை வருடம் அதை ஒரு கேள்வியாகக் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்கவும் கொஞ்சம் பயமாக இருந்தது. கேட்டுவிட்டால் வரவேண்டியது வராமல் போய்விடும் என்று தோன்றியது. தீப்பெட்டி வேட்டி மடிப்பில் இருந்தது, வலது கை அதைத் தானாகவே தொட்டுப் பார்த்துக்கொண்டது. மணி ஒன்பது இருபது. ருக்மணி ஒன்பதரைக்குக் கூப்பிடுகிறேன் என்றாள். பத்து நிமிடத்துக்கு முன்னால் கொளுத்திவிட்டால் என்ன, வீட்டுக்காரன் அவர்தானே. கற்பூரத் தட்டை வைக்க இடம் போதவில்லை. கீழ்த் தட்டில் ஐந்து லிட்டர் தின்னர் டின் ஒன்று முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அதை அக்கட்டால தள்ளினால் போதும். ராக்கின் விளிம்பில், டின்னுக்கு நேராக, ருக்மணியின் ஸ்டிக்கர் பொட்டு மூன்று ஒட்டியிருந்தன. பக்கத்தில் பெட்ரோல் கேனுக்கு நேராக இரண்டு. இந்தப் பெண்கள் பொட்டை எங்கேதான் ஒட்டமாட்டார்கள், குளியலறைக் கண்ணாடி, பீரோக் கதவு, கட்டில் தலைமாடு. இதை அவர் பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், வேட்டி கட்ட வந்தபோது ஒட்டியிருப்பாள் என்று விட்டுவிட்டார். டின்னைத் தூக்கினார். அடிப்பாகம் ஈரமாக இருந்தது.

ஈரம் கையில் பட்டதும் சில்லென்று ஆறியது. அந்தச் சில்லிப்பு பிட்டருக்குத் தெரியும். டின்னின் அடித் தகரம் துருவேறி, ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, ராக்கின் பலகையை நனைத்து, சுவரோரம் வழிந்து, அவர் விரித்த வாழை இலைக்கு அடியில் போய்த் தேங்கியிருந்தது. இலையைத் தூக்கினார். சிமெண்ட் தரை கறுத்திருந்தது, அகலமாக. பொரி உருண்டு அதில் ஒட்டியது. அதற்கு மேலேதான் கற்பூரம் வைக்கப் போனார். ஷட்டரை இறக்கி. ஜன்னலைச் சாத்தி. உள்ளே நின்றுகொண்டு. வேட்டி மடிப்பிலிருந்து தீப்பெட்டி நழுவி விழுந்துவிடக் கூடாது என்று வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து ஷட்டருக்கு அடியில் புகுந்து, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய், எதிர் வீட்டு மதில்மேல் அதை வைத்துவிட்டு வந்தார். எதிர் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார். திரும்பி வந்து ஷட்டரை மேலே தூக்கினார், முழுதாக. காற்று உள்ளே புகுந்தது. டின்னை மறுபடி எடுத்து, சொட்டாமல் இருக்கச் சாய்த்துப் பிடித்தபோதுதான் அடியில் பார்த்தார். துருவுக்கு நடுவே, வெளுத்து, ஓரம் சுருண்டு, மூன்று பொட்டு.

ராக்கின் விளிம்பில் மூன்று. டின்னின் அடியில் மூன்று. பெட்ரோல் கேனைத் தூக்கிப் பார்த்தார், இரண்டு. டர்பன்டைன் டப்பா, நான்கு. பட்டாசுப் பெட்டியின் அடி அட்டையில் ஒன்றே ஒன்று, பெரிய பொட்டு, ருக்மணி கல்யாணம் காட்சிக்கு வைக்கிற அளவு. எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது, எரியக்கூடிய எல்லாவற்றிலும். பெயின்ட் டின்னில் இருந்தது, ஆணி டப்பாவில் இல்லை. மண்ணெண்ணெய்க் கேனில் இருந்தது, பக்கத்திலேயே கிடந்த பைப் ரெஞ்சில் இல்லை. இடம் மாறாமல் திருப்பி வைப்பதற்கு ஒரு அடையாளம், பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மில்லில் மெஷினைப் பிரிக்கும்போது அவரும் சாக்பீஸால் புள்ளி வைப்பார், எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்று. எடுக்கிறவர்களுக்குத்தான் திருப்பி வைக்க அடையாளம் தேவை. எடுத்து எங்கே கொண்டுபோனாள்? இந்த வீட்டில் அவர் போகாத இடம் எது? பின்கட்டு. துவைக்கிற கல் இருக்கிற பக்கம், சமையலறைக்கு எட்டாத தூரத்தில், மதிலோரம் தகரச் சாய்ப்புக்குக் கீழே ஒரு சிமெண்ட் மேடை. துணி துவைப்பதும் காயப்போடுவதும் அவள் பாடு, அவருக்கு அங்கே ஜோலியில்லை. தின்னர் டின்னைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனார். மேடை முழுக்க வட்டங்கள்.

துரு வட்டங்கள். வட்டத்துக்கு மேல் வட்டம், ஒன்றை ஒன்று தொட்டும் தாண்டியும், பழையது மங்கலாக, புதியது அடர்ந்து. சில இடங்களில் ஒரே வட்டத்தை விரலால் திரும்பத் திரும்ப வரைந்த மாதிரி சிமெண்டே பள்ளமாகியிருந்தது. டின்னைக் கீழே வைத்தார். அவர் பார்த்து வைக்கவில்லை, கை தளர்ந்து வைத்தார், அது ஒரு வட்டத்துக்குள் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. பெட்ரோல் கேனைக் கொண்டுவந்தார், அதற்குச் சதுரமாக ஒரு தடம் இருந்தது. டர்பன்டைன் டப்பாவுக்குச் சின்ன வட்டம். அந்த மேடையின் முன்னால் அவர் நின்றார். எத்தனையோ கோயில் பார்த்திருக்கிறார், பழனி, மருதமலை, ஒரு தடவை ராமேஸ்வரம், எங்கேயும் இப்படி உடம்பு முழுக்கச் சிலிர்த்து நின்றதில்லை. இருபத்தெட்டு வருடம் ஷெட்டுக்குள் தெய்வம் வந்து உட்கார்ந்தது என்று நினைத்தாரே, அந்தக் காற்று, அந்த லேசு, நெஞ்சின் அடி வரை போன மூச்சு, அது இதுதான். டின்கள் இங்கே வந்திருந்தன, அதனால் அங்கே காற்று சுத்தமாக இருந்தது. வெற்று ராக்கை மறைக்க ஒரு வேட்டி. தூக்கிச் சுமக்க நேரம் வேண்டும் என்பதற்காக ஒரு உக்கடம். அவர் பூசணிக்காயின் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அதே வேளையில் அவள் பெட்ரோல் கேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இந்த வழியாக நடந்திருக்கிறாள். மறுநாள் மதியம் அவர் சாப்பிட்டுப் படுத்துக் குறட்டை விடும்போது அத்தனையையும் திருப்பிச் சுமந்து, பொட்டுப் பார்த்து வைத்திருக்கிறாள். கை வைத்தது தெரியக் கூடாது. தெரிந்தால் கை இருக்காது.

ராக்கெட் மூடியில் பட்டு அணைந்ததே. அவர் தன் வாழ்நாளில் எந்த டின்னையும் மூடியதில்லை. மூடி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். பட்டாசுப் பெட்டி தள்ளிப் போனது, பேப்பர்க் கட்டு எதிர்ச்சுவருக்கு மாறியது, காவல் காவல் என்று மில் வாசல் டீக்கடையில் அவர் பெருமையடித்தது, அப்போது வீட்டில் முட்டி வலிக்கிறது என்று அவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன, எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறிக்கொண்டு ஒரு பிரமிப்பு. இவ்வளவு பெரிய காரியத்தை ஒரு மனுஷி இவ்வளவு சத்தமில்லாமல் செய்ய முடியுமா? ஒரு வருடம் கூடத் தவறாமல்? ஒரு சண்டையில் கூட, ஒரு கோபத்தில் கூடச் சொல்லிக் காட்டாமல்? அவருடைய அம்மா இறந்த வருடம் பூஜை இல்லை, அது போக ஒவ்வொரு வருடமும். காய்ச்சலாகக் கிடந்த வருடம் ஒன்று ஞாபகம் வந்தது, அன்றைக்கும் உக்கடம் அனுப்பினாள், போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசல் வரை வந்து அனுப்பினாள். அவர் கூடப் பிறந்தவர்களுக்காகவோ மில்லுக்காகவோ தனக்காகவோ இப்படி ஒன்று செய்ததாக ஞாபகமே இல்லை, தேடித் தேடிப் பார்த்தார். மீதி டின்களை எடுத்துவர ஷெட்டுக்குப் போனார். போகவர ஒரு தடவைக்கு நாற்பத்திரண்டு எட்டு. பதினொரு தடவை ஆயிற்று. சமையலறைப் படியில் ஒரு முறை கால் தடுக்கியது. அந்தப் படி கொஞ்சம் உயரம். கடைசிக் கேனை வைத்துவிட்டு நிமிர முடியாமல் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. மணி ஒன்பதரைக்கு மேல் ஆகிவிட்டிருந்தது, இது மூன்றாவது அழைப்பு என்று திரையில் காட்டியது. நர்மதாவின் முகம். "என்னங்கப்பா போன எடுக்கவே மாட்டீங்கறீங்க, அம்மா இங்க நடக்க முடியாம நடந்துட்டு இருக்காங்க. கொளுத்தீட்டீங்களா?"

"இல்ல கண்ணு."

"ஷெட்டக் காட்டுங்க பாக்கலாம்."

அவர் போனைத் திருப்பினார். சாய்ப்புக்குக் கீழே, மேடையின்மேல், வட்டத்துக்கு ஒன்றாக நின்ற டின்களைக் காட்டினார். நர்மதா, "இது எந்த எடம்? எதுக்கு இங்க கொண்டாந்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவளுக்கும் தெரியாது. பெற்ற மகளுக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் வாக்கரின் கால் தரையில் டக் டக்கென்று வந்து நின்றது. போன் கை மாறியது. ருக்மணி திரையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள், அவள் நெற்றியும் புருவமும்தான் தெரிந்தன. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போன் ஆடியது, கொஞ்ச நேரம் வெறும் சீலிங் தெரிந்தது, மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கற்பூரம் ஏத்துலீங்களே?"

"ஏத்துல. டின்னு ஒழுகீருக்குது. எலைக்குக் கீழ பூராத் தின்னரு."

"அய்யோ சாமி. நான் காலைலயே சொல்லீரலாம்னுதான் வாயெடுத்தேன். நீங்க ஆகாதுன்னதும்... ஒம்பதரைக்குச் சொல்லிக்கலாம்னு தைரியத்த வரவழைச்சுட்டு உக்காந்திருந்தேன்." முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவனிடம், மகள் வீட்டில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, போனில் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மூன்றரை மணி நேரத் தைரியம் தேவைப்பட்டிருக்கிறது. தண்டபாணிக்கு அதற்கு மேல் அவள் நெற்றியைப் பார்க்க முடியவில்லை. டின்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்தத் தட்ட நான் எறிஞ்சிருக்கக் கூடாது ருக்கு."

"எந்தத் தட்டுங்க?" என்றாள் அவள். பிறகு, "அது எப்பவோ நடந்தது, உடுங்க" என்றாள். எந்தத் தட்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நாளைக்கு நீ வர வேண்டாம்."

பின்னாலிருந்து நர்மதா, "என்னப்பா சொல்றீங்க, வீம்புக்கா?" என்று குரல் கொடுத்தாள்.

"வீம்பெல்லாம் இல்ல கண்ணு. நீ சொன்னதுதான் செரி. இந்த ஊட்டுல அவ படுக்கற மாதிரி நான் இன்னும் வெச்சிருக்கல. எல்லாம் முடிச்சுட்டு நானே வந்து கூட்டீட்டு வர்றேன். பத்து நாளாகும், இருவது நாளானாலும் ஆகட்டும்." மூன்று வாரமாக அவர் எண்ணிக்கொண்டிருந்தது அந்த ஒரு நாளைத்தான். கட்டிலுக்குப் புது மெத்தை கூட வாங்கிப் போட்டிருந்தார். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு, டி.வி.யைச் சும்மா ஓடவிட்டுத் தூங்கியது போதும் என்று இருந்தது. ஆனாலும் சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. எழுந்து நின்றார். வெயில் சாய்ப்புக்குள் சரிந்து பெட்ரோல் கேனின்மேல் விழுந்துகொண்டிருந்தது. இந்தப் பத்து மணிக்கு அது எந்தப் பக்கம் நகரும் என்று அவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கேனின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார், மறு கையில் போனை அவளுக்கு நேராகப் பிடித்தார்.

"ருக்கு, இத எங்க வெக்கட்டும்?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைச் சரியாகப் பிடித்து, முழு முகமும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். பிறகு, "அது நமக்கு எதுக்குங்க ஊட்டுல, வண்டிக்கு வேணும்போது பங்க்குல போட்டுக்கலாம், யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றாள். "பட்டாச மொதல்ல ஒரு பக்கெட் தண்ணில அமுத்துங்க. ஒழுகற டின்ன வெயில்ல உடாதீங்க, இன்னுங் கொஞ்சம் உள்ள தள்ளுங்க. இன்னும். ம், அங்கதான்."

அவர் தள்ளினார். அடுத்ததை எடுத்துக் காட்டினார்.